எனக்கு வந்தது, கிடைத்தது, ஆகிவிட்டது: எல்லாவற்றுக்கும் ஒரு 'கெட்'

ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் ஒழுங்காகப் படிக்க நேரம் இருக்கிறது, எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் 'கெட்' என்பேன். பள்ளிக்கூடத்தில் 'கெட் என்றால் பெறு' என்று ஒரு வரியில் அதை முடித்துவிடுவார்கள். அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. கட்டுரையில் அந்தச் சொல் வந்தால் சிவப்பு மையில் சுழித்து, 'நல்ல வார்த்தையாகப் போடு' என்று ஓரத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் பிள்ளைகள் ரிசீவ், ஆப்டெய்ன், அக்வையர் என்று கனமான சொற்களாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். 'எனக்குத் தூக்கம் வருகிறது' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் 'ஸ்லீப் இஸ் கமிங்' என்கிறார்கள்.

நானும் தமிழ்வழியில் படித்தவள்தான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கஸ்டமர் சப்போர்ட்டில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். போனில் பேசுவது, மெயிலில் பதில் எழுதுவது, இரண்டும் எங்கள் தலையில்தான். வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பக்கத்து ஆட்கள். இப்போது திண்டுக்கல்லில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். நர்சிங் முடித்து வெளிநாடு போக நினைப்பவர்கள், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பாலிடெக்னிக் பையன்கள் என்று கலந்து வருவார்கள். இந்த இரண்டு இடத்திலும் கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

சப்போர்ட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இருந்தார். வேர்டில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டையும் எஃப் 7-ஐயும் அழுத்தினால் அதே பொருளுள்ள சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். அவர் மெயில் எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'கெட்'டையும் தேடிப் பிடித்து, பட்டியலில் எது கம்பீரமாக இருக்கிறதோ அதைப் போட்டுவிடுவார். ஒருமுறை வாடிக்கையாளருக்கு 'ஐ அக்வையர்ட் யுவர் மெயில்' என்று எழுதியிருந்தார். எங்கள் டீம் லீட் மதுரைக்காரர். திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அவரு மெயிலை நீ விலைக்கு வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு பாடமே இருக்கிறது. அகராதியில் இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரே பொருள் போட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் குடியிருக்கிறது. ரிசீவ் என்றால் இன்னொருவர் கொடுக்கிறார் அல்லது அனுப்புகிறார், நம் கைக்கு வந்து சேர்கிறது. கடிதம், பணம், பரிசு, புகார் எல்லாம் இதில் அடங்கும். ஆப்டெய்ன் என்றால் கேட்டு, விண்ணப்பித்து, கொஞ்சம் அலைந்து வாங்குவது. அனுமதி, சான்றிதழ், விவரம் இதற்குப் பொருந்தும். ஆபரேஷனுக்கு முன் நோயாளியிடம் சம்மதம் வாங்குவதை ஆஸ்பத்திரிக் கோப்புகளில் 'ஆப்டெய்ன் கன்சென்ட்' என்றுதான் எழுதுவார்கள்.

அக்வையர் இரண்டு வகையில் வரும். மெல்ல மெல்ல வந்து சேர்கிற திறமை, மொழி, பழக்கம், ருசி ஒரு வகை. தனக்குச் சொந்தமாக்கிக்கொள்வது இன்னொரு வகை. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குவதும், அரசு சாலை போட நிலம் எடுப்பதும் இதில் சேரும். 1894-ன் நில எடுப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும், அதற்குப் பதிலாக வந்த 2013-ன் சட்டத்தின் பெயரிலும் 'அக்விசிஷன்' இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பையனின் வீட்டு நிலம் நான்குவழிச் சாலைக்குப் போயிருந்தது. அவனுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டிய வேலையே எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்த நோட்டீஸிலேயே படித்திருக்கிறான்.

ப்ரொக்யூர் அலுவலகக் கொள்முதலுக்கான சொல். நெல் கொள்முதல் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வாயால் பேசும்போது தேவையே படாது. ஃபெட்ச் என்றால் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வருவது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதற்கு இங்கிலாந்தில் சாதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் அலுவலகத்தில் ஒருவரிடம் 'ஃபெட்ச் மி சம் வாட்டர்' என்றால் ஏவல் தொனி வந்துவிடும்.

இது நமக்குப் புதிதில்லை. 'சம்பளம் வாங்கினேன்' என்று பேசுகிறோம், 'ஊதியம் பெற்றேன்' என்று எழுதுகிறோம். கடிதத்தில் பெறுநர் என்று போடுகிறோம், ஆனால் 'இன்றைக்கு ஒரு கடிதம் பெற்றேன்' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. வாங்குவதற்கும் பெறுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, கெட்டுக்கும் ரிசீவுக்கும் நடுவில் ஏறக்குறைய அவ்வளவு தூரம். எங்கள் டீமில் இருந்த நடைமுறை எளிமையானது. போனில் 'ஐ காட் யுவர் மெயில்'. புகாருக்கு முறையாகப் பதில் எழுதும்போது 'வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் கம்ப்ளெய்ன்ட்'. நாலைந்து தடவை எழுதிப் பழகிய வாடிக்கையாளருக்கு மெயிலிலும் 'காட்' போடலாம். பழகிய பிறகும் ரிசீவ் என்றே எழுதிக்கொண்டிருந்தால், நம்மேல் ஏதோ கோபம் போல என்று அவர் நினைத்துக்கொள்வார்.

வேர்ட் காட்டும் அந்தச் சொற்பட்டியலைக் குறை சொல்வதற்கும் இல்லை. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸ், அதாவது ஒத்த பொருளுள்ள சொற்களின் தொகுப்புதான் ஆங்கிலத்தில் இந்த வகை நூல்களில் புகழ்பெற்றது. சொல் ஏற்கெனவே தெரியும், அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை, அப்படிப்பட்டவருக்கு உதவுவது அது. நம் நிகண்டுகளும் அப்படித்தான். செய்யுள் எழுதுகிறவர் ஓசைக்கும் எதுகைக்கும் தக்க சொல்லை அதிலிருந்து எடுத்தார். மொழியே தெரியாதவர் நிகண்டை மனப்பாடம் செய்து தமிழ் பேசக் கற்றுக்கொள்ள முடியாது. ஆங்கிலம் கற்கிறவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியது கொலோகேஷன் அகராதி, அதாவது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வரும் என்று காட்டும் அகராதி. ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட ஒன்று 2002 முதல் இருக்கிறது. பழைய பதிப்பே போதும்.

சரி, பேச்சுக்கு வருவோம். வகுப்பில் நான் நிறைய நேரம் செலவிடுவது இதில்தான். தமிழில் நமக்கு நேர்கிற காரியங்களை 'எனக்கு' என்று தொடங்கிச் சொல்கிறோம். எனக்கு வேலை கிடைத்தது. எனக்கு மெயில் வந்தது. எனக்குச் சளி பிடித்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் புரிந்தது. இவற்றில் எழுவாய் வேலையும் மெயிலும் சளியும் கோபமும்தான். நாம் ஓரமாக நிற்கிறோம், காரியம் நம்மிடம் வருகிறது. ஆங்கிலம் ஆளைத் தூக்கி முன்னால் நிறுத்திவிடும். ஆள் முன்னால் வந்ததும் கிடை, வா, பிடி, புரி என்று நாம் தனித்தனியாக வைத்திருக்கும் வினைகளின் வேலையை ஒரே 'கெட்' பார்த்துக்கொள்ளும். ஐ காட் எ ஜாப். ஐ காட் எ மெயில். ஐ காட் எ கோல்ட். ஐ காட் ஆங்ரி. ஐ காட் இட்.

இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதியவுடன் நர்சிங் முடித்த ஒரு பெண், "அக்கா, அப்போ 'எனக்கு'ன்னு வந்தாலே கெட் போட்டுடலாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. போட முடியாது. எனக்குத் தெரியும் என்பது ஐ நோ. எனக்குப் பிடிக்கும் என்பது ஐ லைக். எனக்குச் சுகர் இருக்கிறது என்றால் ஐ ஹேவ் டயாபடீஸ். இவையெல்லாம் இருக்கிற நிலை. முன்பு இல்லாதது இப்போது வந்தால், ஒன்று இன்னொன்றாக மாறினால், அங்கேதான் கெட் வரும். எனக்குப் பசிக்கிறது என்பது ஐ ஆம் ஹங்ரி. பசி எடுக்க ஆரம்பிக்கிறது என்றால் ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி. ஸ்லீப் இஸ் கமிங் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்பி என்று மாறியது இந்த ஒரு வேறுபாடு பிடிபட்ட பிறகுதான்.

'ஆகு', 'போ' இரண்டையும் இதே மாதிரி பாருங்கள். நேரமாகிறது: இட் இஸ் கெட்டிங் லேட். இருட்டுகிறது: இட் இஸ் கெட்டிங் டார்க். காபி ஆறிப்போகும்: தி காஃபி வில் கெட் கோல்ட். மழையில் நனைந்துபோனேன்: ஐ காட் வெட். பிகம் என்று போட்டாலும் இலக்கணம் தப்பாகாது. ஆனால் 'மை காஃபி பிகேம் கோல்ட்' என்று ஒருவர் பேசினால் பாடப்புத்தகம் வாசிக்கிற தொனி வரும். பிகம்முக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. ஷி பிகேம் எ டாக்டர் என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே கெட் வராது. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் பிகம், பெயரடை வந்தால் பேச்சில் கெட். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

வழி தவறிவிட்டேன் என்பதற்கு ஐ காட் லாஸ்ட். அதையே ஒருவரைப் பார்த்து 'கெட் லாஸ்ட்' என்றால் தொலைந்து போ என்று திட்டுவது. இரண்டு மொழியிலும் திட்டுவதற்கு ஒரே வழிதான் தோன்றியிருக்கிறது, பாருங்கள். மாட்டிக்கொண்டான் என்பதைச் சொல்லும்போது இன்னொரு வேடிக்கை. அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'ஹி காட் காட்'. முதல் காட் கெட்டின் இறந்தகாலம், இரண்டாவது கேட்ச்சினுடையது. உச்சரிப்பில் முதலாவது குறில் போல வெட்டி நிற்கும், இரண்டாவது இழுக்கும். நம் எழுத்தில் அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

இந்த 'மாட்டிக்கொண்டான்' வகை, செயப்பாட்டு வினையின் பேச்சு வடிவம். ஹி காட் ஃபயர்ட், வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஷி காட் ப்ரமோட்டட், பதவி உயர்வு கிடைத்தது. தே காட் மேரீட், கல்யாணம் ஆனது. ஒருவருக்கு நல்லதோ கெட்டதோ நேரும்போதுதான் இது பொருந்தும். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது என்று எழுதும்போது 'காட் கம்ப்ளீட்டட்' என்று போடாதீர்கள். அங்கே 'வாஸ் கம்ப்ளீட்டட்' தான் சரி.

நர்சிங் பிள்ளைகளுக்கு இதெல்லாம் உடனடியாகப் பயன்படுகிறது. இங்கிலாந்துக்குப் போக அவர்கள் எழுதும் ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் நோயாளியோடு பேசுவது போல நடித்துக் காட்ட வேண்டும். கோப்பில் 'ஆப்டெய்ன் எ பிளட் சாம்பிள்' என்று எழுதலாம். நோயாளியிடம் அப்படிச் சொன்னால் பாவம், பயந்துவிடுவார். வலி வருகிறதா: ஆர் யூ கெட்டிங் எனி பெய்ன்? தண்ணீர் கொண்டுவரட்டுமா: கேன் ஐ கெட் யூ சம் வாட்டர்? கொஞ்சம் ஓய்வெடுங்கள்: ட்ரை டு கெட் சம் ரெஸ்ட். கட்டிலை விட்டு எழுந்திருக்க முடிகிறதா: கேன் யூ கெட் அவுட் ஆஃப் பெட்? சீக்கிரம் குணமாகிவிடும்: யூ வில் கெட் பெட்டர் சூன். ஒரு வார்டில் ஒரு நாள் முழுக்கக் கெட்டை வைத்தே ஓட்டிவிடலாம் என்று தோன்றுகிறது.

யார்க்‌ஷயர் வாடிக்கையாளர்களும் கெட்டைத் தாராளமாகப் புழங்குவார்கள். அதற்கு ஒரு வரலாற்றுப் பொருத்தம் உண்டு. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங் படை 866-ல் யார்க் நகரத்தைப் பிடித்தது. அவர்கள் அதை யோர்விக் என்றார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியின் 'கெட்டா'வே ஆங்கிலத்தில் கெட் ஆனது. டேக், எக், விண்டோ, தே எல்லாம் அதே வழியில் வந்தவைதான். பிறகு 1066-ல் நார்மன்கள் வந்தார்கள். அரசாங்கமும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. ரிசீவ், ஆப்டெய்ன், அக்வையர், ப்ரொக்யூர் எல்லாம் பிரெஞ்சு, லத்தீன் வழியில் நுழைந்த சொற்கள். கெட் வீட்டிலும் தெருவிலும் நிற்க, அவை ஆபீஸில் உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

அந்த ஊர்க்காரர்கள் போனை எடுத்ததும் 'ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?' என்பார்கள். எப்படிப் போகிறது என்று கேட்கிறார்கள், வண்டியில் ஏறுவதைப் பற்றி அல்ல. 'வி டோன்ட் கெட் ஆன்' என்றால் எங்களுக்குள் ஒத்துப்போகாது. 'லெட்ஸ் கெட் இட் சார்ட்டட்' என்றால் முடித்துவிடலாம். 'கெட் எ மூவ் ஆன்' என்றால் சீக்கிரம் ஆகட்டும். கெட்டுக்குப் பின்னால் வரும் ஆன், ஆஃப், பேக், ஓவர், த்ரூ இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய நான் யாரையும் அனுப்புவதில்லை. காதில் விழும்போது ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் 'கெட் பேக் டு யூ' மட்டும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் பதில் அனுப்புகிறேன் என்பதற்கு 'ஐ வில் ரிவர்ட்' என்று எழுதும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே எல்லோருக்கும் புரியும். அங்கே ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. அதுவும் நாங்கள் இருந்தது மென்பொருள் சப்போர்ட். செய்த மாற்றத்தை அழித்துப் பழைய பதிப்புக்கே போவதற்குத்தான் ரிவர்ட் என்று பெயர். எங்கள் டீமில் ஒருவர் ஒரு கோளாறைச் சரிசெய்துவிட்டு, கடைசி வரியில் 'வி வில் ரிவர்ட் பை ஈவினிங்' என்று எழுதி அனுப்பினார். வாடிக்கையாளர் பதறிப்போய், இப்போதுதானே சரியானது, ஏன் பழையபடி மாற்றுகிறீர்கள் என்று கேட்டு உடனே போன் செய்தார். அதன்பிறகு எங்கள் மெயில் மாதிரிகளில் எல்லாம் 'வி வில் கெட் பேக் டு யூ' என்று மாற்றினோம்.

'கெட் டவுன்' இன்னொன்று. பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் 'கெட் டவுன்' என்கிறோம், இறங்கு என்பதில் 'கீழே' என்ற பொருள் இருக்கிறது என்பதால். இந்தியாவுக்குள் யாரும் குழம்ப மாட்டார்கள். வெளிநாட்டில் அது குனி, கீழே படு என்று போலீஸ் கத்துவது போல ஆகிவிடும். பஸ், ரயில், விமானம் என்றால் கெட் ஆன், கெட் ஆஃப். கார், ஆட்டோ என்றால் கெட் இன், கெட் அவுட். உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டியா என்று பாருங்கள், நடக்க முடிந்தால் ஆன். பைக்கும் குதிரையும் மேலே ஏறி உட்காருவதால் அவற்றுக்கும் ஆன்.

'ஐ டிட்ன்ட் கெட் யூ' என்று போனில் சொல்வதையும் நாங்கள் குறைத்துக்கொண்டோம். நீங்கள் சொன்னது கேட்கவில்லை என்று நாம் நினைத்துச் சொல்கிறோம். அவர்கள் காதில் உங்களைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று விழக்கூடும். 'ஸாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்' என்றால் தொல்லையில்லை. அதேபோல விளக்கிவிட்டு 'டிட் யூ கெட் இட்?' என்று கேட்டால் வாத்தியார் தோரணை வந்துவிடும். 'டஸ் தட் மேக் சென்ஸ்?' மென்மையாக இருக்கும்.

அமெரிக்க வாடிக்கையாளர் வந்தால் 'காட்டன்' என்று கேட்கும், துணிக்கடை நினைவுக்கு வரும். ஹேவ் என்பதற்குப் பின்னால் பிரிட்டனில் 'காட்' என்று நிற்கும் வடிவம் அங்கே காட்டன் ஆகிறது. ஆனால் 'ஐ ஹேவ் காட் எ டிக்கெட்' என்றால் அமெரிக்கரும் என்னிடம் டிக்கெட் இருக்கிறது என்றே சொல்கிறார். கைக்கு வந்துவிட்டது என்று சொல்லத்தான் 'ஐ ஹேவ் காட்டன் எ டிக்கெட்'.

நோட்டுப் புத்தகம் பற்றிக் கேட்பார்கள். கெட் என்று தலைப்புப் போட்டு அதன் கீழே இருபது பொருளை எழுதுவதில் பயனில்லை, பேசும்போது அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் வராது. நாம் வீட்டில் நிஜமாகப் பேசிய முழு வாக்கியத்தை இடது பக்கம் எழுதுங்கள்: 'பஸ் கிடைக்கலை', 'சம்பளம் வந்துடுச்சா', 'வெயில் ஏறிடுச்சு', 'செல்போன் தண்ணியில விழுந்து கெட்டுப்போச்சு'. வலது பக்கம் ஆங்கிலம். எல்லாவற்றுக்கும் கெட் வராது. 'கெட்டுப்போச்சு' என்று ஓசை ஒத்துப்போகிறதே என்று கெட் போட்ட பையனும் உண்டு. செல்போன் கெட்டுப்போனால் அது 'ஸ்டாப்ட் வொர்க்கிங்'. எது வருகிறது, எது வரவில்லை என்று உட்கார்ந்து பிரிப்பதில்தான் மொழி கைக்கு வருகிறது.

பிரிப்பதற்குக் கடினமானது, காரியத்தை இன்னொருவரைச் செய்ய வைக்கும் வாக்கியங்கள். முடி வெட்டிக்கொண்டேன் என்பதை 'ஐ கட் மை ஹேர்' என்றால் நானே கத்தரிக்கோலை எடுத்தேன் என்று ஆகிவிடும். ஐ காட் மை ஹேர் கட் என்றால் சலூனுக்குப் போனது தெரியும். பைக் சர்வீஸ், கண் பரிசோதனை, ஜெராக்ஸ், இப்படி இன்னொருவர் கையால் நடக்கிற எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பு வரும். ஆளையே ஒரு காரியம் செய்ய வைக்கும்போது மூன்று வழி இருக்கிறது. மேனேஜரைக் கையெழுத்துப் போட வைத்தேன் என்பதை 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் வற்புறுத்தி வாங்கியது. 'ஐ ஹேட் ஹிம் சைன்' (இந்த ஹேட் ஹேவின் இறந்தகாலம்) என்றால் அவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்லது அது அவருடைய வழக்கமான வேலை. பின்னாலேயே நடந்து, பேசி, சம்மதிக்க வைத்தால் 'ஐ காட் ஹிம் டு சைன்'. முதல் இரண்டிலும் 'டு' கிடையாது, மூன்றாவதில் உண்டு. லீவ் லெட்டர் விஷயத்தில் நம் நிலைமைக்கு எப்போதும் மூன்றாவதுதான் பொருந்தும்.